இப்படிக்கு, ஊர்ப் பொதுமக்கள்

பங்குனி பிறந்துவிட்டது. திருப்பூர், கோவை, சென்னை என்று பிழைக்கப்போன சனமெல்லாம் பையைத் தூக்கிக்கொண்டு தெற்கே போகிற பஸ்களில் முட்டி மோதிக்கொண்டிருக்கிறது. பனியன் கம்பெனியில் லீவு தராவிட்டால் வேலையையே விட்டுவிட்டு வருகிறவனும் உண்டு. தீபாவளிக்கு வராதவன்கூட ஊரில் சாமி சாட்டினால் வந்துவிடுவான். வார இதழ்களைப் புரட்டுங்கள். ராட்டினம், பஞ்சுமிட்டாய், வளையல் கடை, விடிய விடிய நாடகம், தாவணிப் பெண், முதல் காதல் என்று சொந்த ஊர்த் திருவிழாவைப் பற்றி உருகி உருகி எழுதுகிறார்கள். சொந்த ஊர் என்று எழுதுகிறவர்கள் அந்த ஊரில் எந்தத் தெரு என்று மட்டும் எழுதுவதில்லை.

எனக்கும் என் ஊர்த் திருவிழா நோட்டீஸ் வந்திருக்கிறது. மஞ்சள் தாளில் அச்சடித்ததை எங்க தெருப் பையன் ஒருத்தன் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறான். காப்புக்கட்டு, பூச்சொரிதல், பொங்கல், மாவிளக்கு, முளைப்பாரி, மஞ்சள் நீராட்டு என்று வரிசையாகப் போட்டு, ஒவ்வொரு நாளுக்கும் மண்டகப்படிக்காரர் பேரும் போட்டிருக்கிறார்கள். அடியில், 'அனைவரும் வருக, அம்மன் அருள் பெறுக. இப்படிக்கு, ஊர்ப் பொதுமக்கள்.'

அந்த ஊர்ப் பொதுமக்களில் நான் இல்லை. எங்கய்யா இல்லை. எங்க தெருவில் அறுபதுக்கு மேற்பட்ட தலைக்கட்டு இருக்கிறது. அதில் ஒன்றுகூட இல்லை. வாக்காளர் பட்டியலில் இருக்கிறோம். ரேஷன் கடைக் கணக்கில் இருக்கிறோம். பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டில் இருக்கிறோம். நோட்டீசில் மட்டும் இல்லை.

நோட்டீசை அனுப்பிய பையன் கீழே ஒரு கேள்வியும் அனுப்பியிருந்தான்: "சித்தப்பா, இந்த வருசம் நாங்க என்ன செய்யட்டும்?" அவன் ஏன் கேட்கிறான் என்பதைப் பிறகு சொல்கிறேன். இந்தத் தலையங்கம் அவனுக்கும் அவன் கூட்டாளிகளுக்கும் நான் எழுதுகிற பதில்.

முதலில் பழைய கதை. சாமி சாட்டுகிற செவ்வாய்க்கிழமை ராத்திரி, பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போய் அறைந்து சொன்னவர் எங்கய்யா. "வர்ற செவ்வாக்கெழம பொங்கலு சாமியோவ்... வெளியூரு போறவுக ராத்தங்காம திரும்பீரணும் சாமியோவ்..." அந்தக் குரல் இன்னமும் என் காதில் கிடக்கிறது. கோயில் பொட்டலைச் செதுக்கியது நாங்கள். பந்தலுக்குக் குழி தோண்டியது, வேப்பிலை ஒடித்து வந்தது, தீப்பந்தம் சுற்றிப் பிடித்தது, விடிந்ததும் எச்சில் இலை அள்ளியது எல்லாம் நாங்கள்தான். கரகம் கிளம்பினால் முன்னால் அடித்துக்கொண்டு போவோம். கோயில் வாசல் வந்ததும் பறைச் சத்தம் வெளியே நின்றுகொள்ளும், கரகம் மட்டும் உள்ளே போகும். சாமி ஊர்வலம் நான்கு தெருவும் சுற்றும். எங்க தெரு முக்கு வந்ததும் திரும்பிவிடும். அந்த முக்கில்தான் நாங்கள் தேங்காய் உடைத்தோம். தட்டை வாங்கிச் சாமிக்குக் காட்டக்கூட ஆள் கிடையாது.

நான் எட்டாம் வகுப்புப் படித்த வருசம். பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருந்த எங்க சித்தப்பா, வீட்டு வீட்டுக்குப் போய்ப் பணம் வாங்கினார். ஊரில் தலைக்கட்டுக்கு என்ன வரி போட்டிருந்தார்களோ அதே தொகை. ஒரு பித்தளைத் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, அதன்மேல் பணத்தை வைத்துக்கொண்டு எங்கய்யாவையும் கூட்டிக்கொண்டு சாவடிக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். திண்ணையில் அம்பலமும் நான்கு பெரிய மனிதர்களும் உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னடா இது?"

"வரிங்க சாமி" என்றார் எங்கய்யா. "ஊருக்கெல்லாம் போட்டிருக்காகளாம். நாங்களும் அதையே குடுத்துர்றோம்."

"ஒங்கள யாருடா வரி கேட்டா? ஒங்களுக்குத்தான் வேல இருக்கே, அதச் செஞ்சாப் போதாதா?"

சித்தப்பா சொன்னார்: "வேலையும் செய்றோம். வரியையும் வாங்கிக்கங்க."

அம்பலம் கோபப்படவில்லை. நிதானமாகத்தான் சொன்னார்: "இன்னைக்கி வரிய வாங்கினா நாளைக்கு மால எங்கம்பே. அடுத்த வருசம் கணக்கு எங்கம்பே. எடுத்துக்கிட்டுப் போடா."

அந்தத் தட்டோடு திரும்பி வந்தோம். எங்கய்யா வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை. அந்த வருசம் அவர் பறையை எடுத்தார். மறு வருசம் எடுக்கவில்லை. பறையைக் கழற்றிக் கூரை விட்டத்தில் கட்டித் தொங்கவிட்டார். அந்த நடவுக்கு எங்க தெருப் பொம்பளைகளை ஒருத்தரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. எங்க ஆத்தா நாலு மைல் நடந்து வேற்றூரில் களை எடுத்தாள். ஊரார் பக்கத்து ஊரிலிருந்து மேளம் வைத்துப் பார்த்தார்கள். பிறகு பேண்டு செட்டு வந்தது. இப்போது கேரளாச் செண்டை மேளம் வருகிறது. பறை நின்றுபோனதால் அம்மனுக்கு ஒரு குறையும் வந்ததாகத் தெரியவில்லை.

தோழர்களே, அன்று அம்பலம் சொன்னதைப் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஊர்த் திருவிழா என்றால் என்ன என்று ஆராய்ச்சி செய்து புத்தகம் போட்ட பேராசிரியர்களைவிட அவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். அவர் தீட்டு என்று சொல்லவில்லை. ஆகமம் என்று சொல்லவில்லை. மாலை என்றார், கணக்கு என்றார்.

தலைக்கட்டு வரி என்பது நன்கொடை அல்ல. வரி கொடுத்தவன் ஊர்க்காரன். அவனுக்குக் கூட்டத்தில் உட்கார இடம் உண்டு. கோயிலில் திருநீறும் மாலையும் வாங்க முறை உண்டு. கிடாவெட்டில் பங்கு உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே, திருவிழா முடிந்து மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ சாவடியில் கணக்குப் படிக்கும்போது, 'அந்தச் செலவு எதுக்கு?' என்று கேட்கிற வாய் உண்டு. எங்கள் உழைப்பை வாங்கினால் எங்களுக்குக் கூலி கொடுத்தால் போதும். அதுவும் பாதிக் கூலி. எங்கள் வரியை வாங்கினால் எங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். அதனால்தான் எங்கள் கை வேண்டியிருக்கிறது, எங்கள் காசு வேண்டாதிருக்கிறது. பணத்தில் தீட்டுப் பார்ப்பதில்லை இந்தச் சாதி இந்துக்கள். எங்கள் சங்கத்துப் பணத்தைக் கடனாகக் கேட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொன்றையும் பாருங்கள். திருவிழா வரிப்பணத்தில் மட்டுமா நடக்கிறது? கண்மாய் வற்றும்போது மீன் ஏலம் விடுகிறார்கள். கரையிலுள்ள கருவேல மரத்தை ஏலம் விடுகிறார்கள். புறம்போக்கிலுள்ள புளியமரத்தை ஏலம் விடுகிறார்கள். கோயில் பேரில் நிலம் இருந்தால் குத்தகை வருகிறது. இதையெல்லாம் சேர்த்து 'ஊர்ப் பொதுப் பணம்' என்கிறார்கள். சட்டப்படி அந்தக் கண்மாயும் கரையும் புறம்போக்கும் யாருடையவை? அரசுடையவை, ஊராட்சியுடையவை. அதாவது அங்கே குடியிருக்கிற எல்லோருக்கும் பொதுவானவை. நம் தெருவுக்கும்தான். பழக்கத்தில் அந்தப் பணம் சாவடியில் விழுகிறது. சாவடியில் நமக்கு இடம் இல்லை. நம் பங்குப் பணத்தில் நடக்கிற திருவிழாவுக்கு நம்மையே வெளியில் நிறுத்திவைத்து அழைப்பும் அனுப்புகிறார்கள்: அனைவரும் வருக!

மேலவளவில் நடந்ததும் இதுதான். ஊராட்சித் தலைவர் பதவி 1996இல் நமக்கு ஒதுக்கப்பட்டபோது அங்கே எழுந்த கொலைவெறி வெறும் நாற்காலிக்காக எழுந்ததல்ல. ஊரின் பொதுச்சொத்து கைமாறிவிடும் என்ற பயமும் அதில் இருந்தது. 1997 ஜூன் 30 அன்று தலைவர் முருகேசனும் உடன் வந்தவர்களும் பஸ்ஸை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். கண்மாய், கோயில், ஊராட்சி, சாவடி என்று நாம் தனித்தனியாகப் பேசுகிறோம். ஆதிக்க சாதி அவற்றைத் தனித்தனியாகப் பார்ப்பதில்லை.

திருவிழாவில் பங்கு கேட்டதற்கு நாம் கொடுத்த விலை கொஞ்சமல்ல. சிவகங்கைச் சீமையில் உஞ்சனை என்றொரு ஊர். அங்கே 1979இல் ஐயனாருக்குப் புரவி எடுப்பதில் உரிமை கேட்ட பிரச்சினையில் தலித்துகள் ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள். வேளார் சூளையில் சுட்ட மண்குதிரை அது. மழையில் கரைந்து, மறுபடி செய்து, மறுபடி எடுக்கிற மண்குதிரை. அதற்கு ஐந்து உயிர்.

அதே உஞ்சனையைச் சேர்த்து நான்கு நாட்டாருக்குரியது கண்டதேவித் தேர். சொர்ணமூர்த்தீஸ்வரர் கோயிலின் ஆனித் திருவிழா. உஞ்சனை, செம்பொன்மாரி, இறகுசேரி, தென்னிலை என நான்கு நாட்டாருக்கும் வடம் பிடிக்கும் மரியாதை உண்டு. அந்த நாடுகளுக்குள்ளேயே வாழ்கிற நம் மக்கள், 'நாங்கள் எந்த நாட்டார்?' என்று கேட்டார்கள். கேட்டது அவ்வளவுதான். 1990களின் பிற்பகுதியில் அது வழக்காகி, உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. தேர் ஆண்டுக்கணக்கில் நிலையை விட்டு நகரவில்லை. பிறகு ஓடிய ஆண்டுகளில் வடத்தைவிடப் போலீசின் கயிறு நீளமாக இருந்தது. 2006க்குப் பிறகு தேர் பழுது, திருப்பணி, கும்பாபிஷேகம் என்று காரணங்கள் சொல்லப்பட்டன. கடைசியில் 2024 ஜூன் 21 அன்றுதான், நீதிமன்றம் மறுபடி மறுபடி கேட்ட பிறகு, ஆயிரக்கணக்கான போலீசுக்கு நடுவில் புதுத் தேர் ஓடியது. அன்று நம் ஆட்களும் வடம் பிடித்தார்கள். ஒரு கயிற்றைத் தொடுவதற்கு ஒரு தலைமுறைக் காலம் ஆகியிருக்கிறது.

இது நம் பக்கத்துக் கதை மட்டுமல்ல. 1930இல் நாசிக்கில் காலாராம் கோயில் முன்பு அண்ணல் அம்பேத்கர் தலைமையில் சத்தியாகிரகம் நடந்தது. அந்த ஏப்ரலில் இராமநவமித் தேர். இரண்டு தரப்பிலும் ஆட்கள் சேர்ந்து தேர் இழுப்பது என்று ஒப்பந்தம் ஆயிற்று. நேரம் வந்ததும் சாதி இந்துக்கள் தேரை இழுத்துக்கொண்டு ஓடிவிட்டார்கள்! துரத்திப் போன நம் மக்கள்மீது கல் மழை பொழிந்தது. சாமியைத் தூக்கிக்கொண்டு ஓடினாலும் ஓடுவார்கள், நம்மோடு சேர்ந்து மட்டும் இழுக்கமாட்டார்கள். கண்டதேவியில் தேரை நிறுத்தினார்கள், நாசிக்கில் தேரை ஓட்டிக்கொண்டு ஓடினார்கள். இரண்டும் ஒன்றுதான்.

சரி, அரசாங்கம் என்ன செய்கிறது? விழுப்புரம் மாவட்டம் மேல்பாதி தர்மராஜா திரௌபதி அம்மன் கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஏப்ரலில் திருவிழாவின்போது உள்ளே போன நம் மக்கள் தாக்கப்பட்டார்கள். பேச்சுவார்த்தை மேல் பேச்சுவார்த்தை நடந்தது. ஜூன் 7 அன்று கோயிலுக்குப் பூட்டுப் போட்டு சீல் வைத்தார்கள். 2024 மார்ச்சில் திறந்தார்கள், பூசாரி மட்டும் போய் விளக்கேற்றிவிட்டு வர. மக்கள் உள்ளே போனது 2025 ஏப்ரல் 17 அன்று. அடித்தவனுக்கும் கோயில் இல்லை, அடிபட்டவனுக்கும் கோயில் இல்லை என்று இரண்டு வருசம் பூட்டித் தொங்கவிட்டதற்குப் பெயர் நடுநிலையாம். வேண்டும் என்றவனுக்கும், அவனுக்குக் கிடைக்கக்கூடாது என்றவனுக்கும் ஒரே தீர்ப்பு கொடுத்தால் ஜெயித்தது யார்? கிடைக்கக்கூடாது என்றவன்தானே?

திருவண்ணாமலை மாவட்டம் தென்முடியனூரில் மாவட்ட நிர்வாகமும் போலீசும் 2023 ஜனவரி 30 அன்று நம் மக்களை முத்துமாரியம்மன் கோயிலுக்குள் அழைத்துப் போனார்கள். அதற்குச் சில வாரம் முன்னால் புதுக்கோட்டை மாவட்டம் இறையூரில், வேங்கைவயல் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்த கொடுமையை விசாரிக்கப் போன ஆட்சியரே நம் மக்களை ஐயனார் கோயிலுக்குள் கூட்டிப் போனார். மனசு இருந்தால் ஒரே நாளில் முடியும் என்பதற்கு இவை சாட்சி. ஆனால் அதிகாரி ஜீப்பில் ஏறிப் போன மறுநாள் அந்தப் படியை மிதிப்பது யார், அடுத்த வருசம் வரிப் புத்தகத்தில் யார் பேர் ஏறுகிறது என்பதை யாரும் தொடர்ந்து பார்ப்பதில்லை. கோயிலுக்குள் ஒரு நாள் போய் வந்தது செய்தியாகிறது. ஊருக்குள் சேர்த்தார்களா என்பது செய்தியாவதில்லை.

இப்போது எங்க ஊருக்கு வருகிறேன். மாசியில் ஊர்க்கூட்டம் போட்டபோது எங்க தெருப் பிள்ளைகள் பத்துப் பேர் போயிருக்கிறார்கள். எல்லோரும் படித்தவர்கள். அதில் இரண்டு பெண் பிள்ளைகள். "எங்க தெருவுக்கும் வரி போடுங்க, பேரை எழுதுங்க" என்று கேட்டிருக்கிறார்கள். பழைய அம்பலத்தின் மகன் இப்போது அம்பலம். அவர் "டா" போடவில்லை. "தம்பி, காலம் மாறிப்போச்சுதான், இல்லேங்கல. ஆனா சாமி காரியம். பெரியவுக வகுத்தத மாத்துனா தெய்வக் குத்தம் ஆயிரும்" என்றிருக்கிறார். தாலுகா ஆபீசில் சமாதானக் கூட்டம் நடந்தது. அங்கே இருந்த அதிகாரி இரண்டு யோசனை சொன்னாராம். ஒன்று, "நீங்க தனியா ஒரு நாள் கும்பிட்டுக்கங்க." இன்னொன்று, "இல்லைன்னா இந்த வருசம் திருவிழாவே வேணாம்னு எழுதிக் குடுத்துருங்க." கையெழுத்துப் போட ஒரு வாரம் தவணை. இதற்குத்தான் அந்தப் பையன் என்னைக் கேட்கிறான்.

நம் தோழர்கள் சிலரே வேறு கேள்வி கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். "சாமியே இல்லைங்கிறோம். இந்து மதத்தை விட்டு வெளியேறச் சொல்றோம். அப்புறம் எதுக்கு வரி, மாலை, வடம்?" நியாயமான கேள்வி. நானும் கோயிலுக்குப் போகிறவன் இல்லை. ஆனால் அம்பேத்கர் காலாராமில் ஐந்து வருசம் போராட்டம் நடந்தபோது என்ன நினைத்தார்? நம் மக்களைச் சிலை வணங்கிகளாக்க அந்தப் போராட்டத்தைத் தொடங்கவில்லை, அவர்கள் நிலையை அவர்களே உணர்ந்து எழவேண்டும் என்றே தொடங்கினேன் என்ற பொருளில் 1934இல் தம் தோழருக்கு எழுதினார். 1935இல் இயோலாவில் இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்தார். 1956இல் நாகபுரியில் பௌத்தம் தழுவினார். வாசலில் நின்று கேட்டுப் பார்த்து, கதவு எதனால் ஆனது என்று தெரிந்துகொண்ட பிறகு முதுகைத் திருப்பினார். நம்மைத் தள்ளிவிட்டதற்கும் நாமாக வெளியேறுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. உரிமை நம் கையில் இருக்கும்போதுதான் அதை வேண்டாம் என்று சொல்லமுடியும். இல்லாததை எப்படித் துறப்பது?

இன்னொருவர், நம் பாட்டன் அயோத்திதாசப் பண்டிதர். 1907இல் தொடங்கிய 'தமிழன்' இதழில் தீபாவளி, கார்த்திகை தீபம், ஆடி மாதத்து அம்மன் என்று ஒவ்வொரு பண்டிகையையும் எடுத்து, இவை பூர்வ பௌத்தர்களின் நாட்கள், பின்னால் வந்தவர்கள் கதை மாற்றிவிட்டார்கள் என்று எழுதினார். அவர் சொன்ன விளக்கம் ஒவ்வொன்றும் வரலாற்றுக்குப் பொருந்துமா என்று வாதாடலாம். ஆனால் அவர் பண்டிகையை விட்டுவிட்டுப் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். இந்த நாட்களும் இந்த மண்ணும் எங்களுடையவை, நீங்கள்தான் கணக்குச் சொல்லவேண்டும் என்றார். வரி கேட்கிற நம் பிள்ளைகளும் வேறெதைக் கேட்கிறார்கள்?

இனி, கசப்பாக இருந்தாலும் சொல்லவேண்டிய ஒன்று. ஆடியில் எங்க தெருக் காளியம்மனுக்கு நாங்கள் பொங்கல் வைக்கிறோம். எங்களுக்கும் வரி உண்டு, நோட்டுப் புத்தகம் உண்டு, நோட்டீசும் உண்டு. போன வருசம் அந்தப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். தலைக்கட்டு என்றால் கல்யாணம் ஆன ஆம்பளை. புருசன் செத்துப்போன வீட்டுக்கு 'அரை வரி' என்று எழுதியிருக்கிறது. எங்க அப்பத்தா நாற்பது வருசம் அரை வரி கொடுத்தவள். ஏழு பிள்ளை பெற்று, அத்தனையையும் தன் கைக்கூலியில் வளர்த்தவள் பாதித் தலைக்கட்டு! இரக்கப்பட்டுக் குறைத்தார்களாம். பாதி வரி கொடுத்தவளுக்குக் கூட்டத்தில் பாதி வாய்கூட இல்லை. முளைப்பாரி வளர்ப்பது, விரதம் இருப்பது, தலையில் சுமப்பது பெண்கள். கணக்குப் பார்ப்பது ஆண்கள். அடுத்து, தெருக்கோடியில் ஒரு வீடு. நம் துணியை வெளுத்து, நம் சாவுக்கும் சடங்குக்கும் மாத்துத் துணி கொண்டு வந்த புதிரை வண்ணார் வீடு. அந்த வீட்டுப் பேர் புத்தகத்தில் எங்கே என்று தேடினேன். இல்லை. "அவுகளுக்கு எதுக்கு வரி? அவுகளுக்குத்தான் வேல இருக்குல்ல" என்றார் எங்க பெரியப்பா.

எனக்கு அந்தச் சாவடித் திண்ணை ஞாபகம் வந்தது. அதே வார்த்தை. எங்கய்யாவிடம் அம்பலம் சொன்ன அதே வார்த்தையை நாங்கள் எங்களுக்குக் கீழே ஒருத்தனைத் தேடிப் பிடித்துச் சொல்லியிருக்கிறோம். படிக்கட்டுச் சாதியம் என்று அம்பேத்கர் எழுதியதை மேடையில் பேசுகிறோம். அது எங்க நோட்டுப் புத்தகத்தில் எங்க கையெழுத்திலேயே இருக்கிறது. தென்மாவட்டம், வடமாவட்டம் எங்கும் அருந்ததியரும் புதிரை வண்ணாரும் நம் தெருக்களைப் பார்த்து இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதற்குப் பதில் சொல்லாமல் ஊரைப் பார்த்துக் கேட்டால் நம் குரலில் பாதிதான் உண்மை இருக்கும்.

ஆகவே தம்பிகளே, தங்கச்சிகளே, என் பதில் இதுதான்.

தாலுகா ஆபீசில் இரண்டு தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். தனி நாள் என்பது தனிக் குவளையின் அண்ணன். திருவிழாவே வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தால், நம்மால்தான் சாமி நின்றுபோச்சு என்று பழியும் நம் தலையில் விழும். 'எங்களைச் சேர்த்துத் திருவிழா நடக்கட்டும், பாதுகாப்புக் கொடுப்பது உங்கள் வேலை' என்று மூன்றாவதாக ஒரு தாள் நீங்களே எழுதிக் கொடுங்கள். கோயில் நுழைவுக்கு இந்த மாகாணத்தில் 1947லேயே சட்டம் வந்துவிட்டது. தீண்டாமையை ஒழித்தது அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிற திருத்தம், பொதுச்சொத்தைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதையும், கோயிலுக்குள் போகவிடாமல் தடுப்பதையும், திருவிழா ஊர்வலத்தில் கலந்துகொள்ளவிடாமல் தடுப்பதையும் குற்றம் என்று சொல்கிறது. அதிகாரிக்குத் தெரியாமல் இருக்காது. நமக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியவேண்டும்.

வரியை எடுத்துக்கொண்டு மறுபடி சாவடிக்குப் போங்கள். பத்துப் பேர் போகாதீர்கள், தெருவே போகட்டும், பெண்கள் முன்னால் போகட்டும். வாங்கமாட்டேன் என்றால் வாங்கமாட்டேன் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரமாட்டார்கள். நீங்கள் எழுதி மனுவோடு சேருங்கள். கண்மாய் மீன் என்ன விலைக்கு ஏலம் போனது, கரை மரம் என்ன ஆனது, பணம் எந்தக் கணக்கில் சேர்ந்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஊராட்சிக்கும் தாலுகா ஆபீசுக்கும் கேளுங்கள். மாலையை விட அவர்கள் பயப்படுவது இந்தக் கேள்விக்கு. வேலையை நிறுத்துவார்கள், பால் வாங்கமாட்டார்கள், கடையில் சாமான் தரமாட்டார்கள். எங்க ஆத்தா நடந்த நாலு மைலை நான் மறக்கவில்லை. ஆகவே மூன்று மாதத்துக்கான அரிசி பருப்பைத் தெருவாகச் சேர்ந்து முதலிலேயே யோசித்து வையுங்கள். வெளியூரில் சம்பளம் வாங்குகிற நாங்கள் அதற்குத்தான் இருக்கிறோம். திருவிழாவுக்கு வெள்ளைச் சட்டையோடு வந்து இறங்கினால் மட்டும் போதாது.

இவையெல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. நம் தெரு நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். அரை வரி என்று எழுதியதை அடித்து முழு வரி என்று எழுதுங்கள். அந்தப் பெண்களைக் கணக்குப் படிக்கிற இடத்தில் உட்காரவையுங்கள். தெருக்கோடி வீட்டுக்கு நாமே நேரில் போய் வரி கேளுங்கள். கொடுக்க மனமில்லை என்றால் அது அவர்கள் விருப்பம், கேட்கவேண்டியது நம் கடமை. வர்ற ஆடிக்கு அடிக்கிற நோட்டீசில் அவர்கள் பேரும் இருக்கட்டும். அதன்பிறகு நாம் சாவடிக்குப் போகும்போது நம் கையிலிருக்கிற தட்டு கனமாக இருக்கும்.

வாசகத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்த் திருவிழா நோட்டீஸ் ஒன்றை எங்களுக்கு அனுப்புங்கள். அதோடு, உங்கள் தெருவில் வரி வாங்குகிறார்களா, சாமி உங்கள் தெருவுக்குள் வருகிறதா, கண்மாய்ப் பணம் யார் கையில் இருக்கிறது, உங்கள் தெரு யாரிடம் வரி வாங்குவதில்லை என்ற நான்கு விவரத்தையும் எழுதுங்கள். நோட்டீசில் பேர் இல்லாதவர்களின் பட்டியலை அடுத்த இதழிலிருந்து நாம் அச்சடிப்போம். எங்க ஊரிலிருந்து தொடங்குகிறேன். எங்க தெருவில் அறுபதுக்கு மேற்பட்ட தலைக்கட்டு என்று மேலே எழுதினேன். அது ஆம்பளைகளை மட்டும் எண்ணிய கணக்கு, கோடி வீட்டையும் விட்டுவிட்ட கணக்கு. சரியாக எண்ணி அனுப்பச் சொல்லி அந்தப் பையனுக்கு எழுதியிருக்கிறேன்.

– ஆசிரியர்